எள்ளளவு சுண்ணாம்பு

சுவரிலிருந்து மாதிரி எடுக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். நான் அதை ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். இத்தாலியின் பலெர்மோ நகரில் கபோச் சந்தைக்குப் பின்புறம் உள்ள ஒரு சிறிய தேவாலயம், பீடத்துக்கு இடதுபக்கச் சுவர். மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். வெளியே மீன்காரன் கூவிக்கொண்டிருந்தான். அவர் ஏணியில் நின்று, ஏற்கெனவே வெடித்திருந்த ஓர் இடத்தைப் பூதக்கண்ணாடியால் தேடிக் கண்டுபிடித்து, அதன் விளிம்பில் கத்தியின் நுனியை வைத்தார். எள்ளளவு ஒரு துகள் மடித்த காகிதத்தில் விழுந்தது. இறங்கி வந்து அதைப் பார்த்துவிட்டு, “கூடிப்போயிற்று” என்றார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பலெர்மோக்காரன் சிரித்தான். “பயப்படாதீர்கள் தொத்தொரேஸ்ஸா, சுவர் இன்னும் நிற்கிறது.”

“எனக்குப் பிறகு வருகிறவர்களும் எடுக்க வேண்டுமே” என்றார் அவர். பகிடிக்குச் சொல்லவில்லை.

தொத்தொரேஸ்ஸா என்பது இங்கே படித்த பெண்களுக்குக் கொடுக்கும் மரியாதை. நானும் அவரை அப்படித்தான் அழைத்தேன். பெயரை எழுதப்போவதில்லை, எழுதுவதை அவர் விரும்பியிருக்கமாட்டார். சீனாவின் தெற்கே ஒரு சிறு நகரத்தைச் சேர்ந்தவர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பழைய கட்டடங்களைத் திருத்துவதற்கு முன், அவற்றின் வர்ணமும் சுண்ணச் சாந்தும் எதனால் ஆனவை என்று ஆராய்ந்து சொல்வது அவருடைய தொழில். நான் மன்னாரைச் சேர்ந்தவன். அவர் வந்து வேலை செய்த ஆய்வகத்தைக் கூட்டித் துடைப்பது என்னுடைய தொழில். அன்றன்றைக்கு நடந்ததைத் தேதியும் நேரமும் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். கொப்பிகள் கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ் நிறைய இருக்கின்றன. இதை அவற்றைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அவர் பலெர்மோவில் இருந்தது இரண்டு குளிர்காலங்கள். ஒரு பிஸ்கற் டின்னோடு வந்தார். அதற்குள் பஞ்சு வைத்துச் சிறு கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துகள். எல்லாம் அவருடைய ஊரில் உள்ள ஒரு பழைய வணிகர் மண்டபத்தில் அவரே எடுத்தவை. தூணின் சிவப்பு, விட்டத்தின் பச்சை, ஒருகாலத்தில் செம்மஞ்சளாக இருந்து ஈயம் கறுத்துப்போன ஒரு கறுப்பு, சுவரின் வெள்ளைச் சாந்து. அந்தச் சாந்துதான் முக்கியம். அவருடைய ஊர்ப்பக்கத்தில் முற்காலத்தில் சுண்ணாம்போடு ஒட்டரிசிக் கஞ்சியைக் கலந்து குழைத்துச் சுவர் பூசுவார்களாம். அந்த மண்டபத்துச் சாந்திலும் அரிசி இருக்கிறது என்று அவர் காட்டினால், திருத்த வேலைக்குப் பொறுப்பானவர்கள் அதே முறையில் பூசச் சம்மதித்திருந்தார்கள். காட்டாவிட்டால் சீமெந்து. சீமெந்து பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டு, பழைய செங்கல் சில வருடங்களில் மாவாகிவிடும் என்று சொன்னார்.

“என் தகப்பன் அங்கே கணக்கெழுதினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் வீட்டுப்பாடம் செய்வேன். கோடையிலும் முதுகுக்குக் குளிராக இருக்கும்.”

நாங்கள் இத்தாலிய மொழியில் கதைத்தோம். அவருடையது புத்தகத்தில் படித்தது, என்னுடையது வீடுகளில் வேலைசெய்து பொறுக்கியது. இரண்டும் அரைகுறை என்பதால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பொறுமையாக இருப்போம்.

எதையும் கொஞ்சமாக எடுப்பது அவருடைய தொழிலில் கற்ற பழக்கமா, அல்லது பிறவியில் அப்படி இருந்ததால் அந்தத் தொழிலுக்குப் போனாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கபோவில் ஒரு மரக்கறிக் கடையில் வன்னியைச் சேர்ந்த எங்கள் பொடியன் ஒருவன் நின்றான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்: “அண்ணை, உங்கட சீனாக்காரி ஆறு பீன்ஸ் வாங்கினவ. தராசிலை வைச்சா முள்ளு அசையேல்லை. முதலாளி சும்மா கொண்டு போங்கோ எண்டா, மனிசி வாங்குதில்லை. பிறகு அவர் மனம் பொறுக்காமல் ஒரு பெரிய கத்தரிக்காயைத் தூக்கிக் குடுக்க, அதைத் திருப்பித் தந்துபோட்டு, ஒரு தக்காளிக்குக் காசு வைச்சிட்டுப் போகுது.”

“ஒரு ஆளுக்கு ஆறு பீன்ஸ் காணும்தானே” என்றேன்.

“காணும் அண்ணை. அதுவும் ரெண்டு நாளைக்குக் காணும் எண்டெல்லே சொல்லுறா.”

மார்ச் மாதத்தில் சியாகுல்லித் தோட்டங்களில் கடைசி மந்தரீன் பழங்கள் வரும்போது நான் ஒரு பை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியை ஆய்வகத்தில் எல்லாருடைய மேசையிலும் ஒவ்வொன்றாக வைத்தார். அந்த ஒரு பழத்தைக் காலையில் நாலு சுளை, மத்தியானம் நாலு சுளை என்று சாப்பிட்டார். சுளைகளை நான் எண்ணினேன் என்று நினைக்கவேண்டாம். அவர்தான் காகிதத்தில் வரிசையாக வைத்திருந்தார்.

தன் பங்குக்கு எதையும் கூட்டாத அவர், என் விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். விட்டத்தின் பச்சை வர்ணத்தில் நஞ்சு இருக்கிறது என்று முதல் கிழமையே சொல்லிவிட்டார். “இந்த மேசையை நீங்கள் துடைக்கக் கூடாது. நான் துடைக்கிறேன்.” இரண்டு குளிர்காலமும் அவரே துடைத்தார். என் பதினேழு வருட வேலையில் என் சுவாசப்பையைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவர்தான்.

ஊரின் பெரிய பூங்காவின் ஓரத்தில் ஒரு சீன மாளிகை இருக்கிறது. முன்னொரு காலத்தில் ஓர் அரசர், தான் காணாத ஒரு நாட்டின் பாணியில் ஆசைக்குக் கட்டுவித்தது. ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு நானும் மனைவியும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். சுவரில் தீட்டியிருந்த சீனப் பெண்களையும் குடைபிடித்த ஆண்களையும் அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நான் அவர் சிரித்துக் கண்டது அதுதான் முதல் தடவை.

“எல்லாரும் இந்த ஊர் ஆட்கள்” என்றார். “அதோ அவர் மீன்காரர். உடுப்பு மட்டும்தான் எங்களுடையது.”

நான் மொழிபெயர்த்ததும் என் மனைவி, “அந்த மூலையிலை நிக்கிறவ நான் வேலைசெய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா மாதிரியே இருக்கிறா, முகத்தைப் பாருங்கோ, சம்பளம் கேட்ட மாதிரி” என்றாள். அதை மொழிபெயர்த்தபோது அவர் இன்னும் சிரித்தார். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. என் மனைவி அவரைச் ‘சீனாக்கா’ என்றாள்.

இனி அந்தத் துணிகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆய்வகத்தில் மற்றவர்கள் கருவிகளைக் காகிதத்தால் துடைத்து எறிவார்கள். அவருக்கு அது மனம் வராது. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தித் துணித் துண்டுகளைத் துவைத்துத் துவைத்துப் பாவித்தார். தங்கியிருந்த அறையில் துவைக்க வசதி இல்லை. அவருடைய வெள்ளைக் கோட்டையும் துணிகளையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொண்டு வருகிறேன் என்று நானாகத்தான் கேட்டேன். மிகவும் தயங்கிச் சம்மதித்தார். “சவர்க்காரம் கொஞ்சமாகப் போடுங்கள், நிறைய அலசுங்கள்” என்று மட்டும் சொன்னார். முதல் வருடம் முழுவதும் என் மனைவி அப்படித்தான் செய்தாள்.

இரண்டாவது வருடம், ஒக்டோபர் முதல் வியாழன், பின்னேரம் நாலு மணி. நான் நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அறைவாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. நாமாகப் போனால்தான் உண்டு. உள்ளே மேசையில் ஒரு வெள்ளைத் தட்டு. மண்டபத்துச் சாந்தின் துகளைச் சிறு கல்லுரலில் அரைத்து, சுண்ணாம்பின் காரத்தை அமிலத்தால் தணித்து, ஒரு துளி அயடீன் விட்டிருந்தார். தட்டில் நீலம். பேனை மையைச் சிந்தினது போல நீலம்.

“எனக்கு இது தெரியும்” என்றேன். “மாப்பொருள். ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் மரவள்ளிக்கிழங்கில் செய்திருக்கிறோம்.”

“அரிசி” என்றார் அவர். கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, “குப்பியில் இருந்தது முழுவதும் இதற்கே போய்விட்டது” என்றார். அப்போது அது ஒரு கவலையாகத் தெரியவில்லை. அவர் எடுத்ததே அவ்வளவுதான்.

ஊருக்கு அறிக்கை அனுப்பினார். மறுமொழி ஒரு கிழமைக்குள் வந்தது. ஒட்டரிசிக்கு ஏற்பாடு செய்கிறார்களாம். ஆய்வகத்தின் பொறுப்பாளர் இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார், தொத்தொரேஸ்ஸாவை இன்னும் மூன்று வருடம் இங்கேயே வைத்திருக்கப்போவதாகவும் சொன்னார். அவர் ஒரு கன்னோலியைப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டார். டிசம்பரில் இன்னொரு கடிதம். சுவரில் தொங்கிக்கொண்டிருந்த மீதிப் பழைய சாந்தைக் கொட்டிவிட்டார்கள், மாசி கழிந்ததும் புதுச்சாந்து பூசத் தொடங்குவார்கள். அதைப் படித்துவிட்டு, “முழுவதையுமா” என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அறையில் நான்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. தட்டை எடுத்த படத்தைத் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டபோது சொன்னார்: “ஒட்டரிசி அயடீனுக்கு இவ்வளவு நீலமாக வராது. சிவந்த பழுப்பாக, கறுத்த தேநீர் போல வரும். பழைய சுண்ணாம்பு ஏதாவது செய்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நீலம் கூடிப்போயிற்று.”

பெப்ரவரியில், மெழுகுதிரித் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். ஸ்ஃபெர்ராகவால்லோவில் உணவகத்தில் வேலை செய்யும் என் மைத்துனன் நல்ல மீன் கொடுத்திருந்தான். சோறு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. அவர் இரண்டு கரண்டி சோறு எடுத்தார். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“கொறிக்கிறா. பிடிக்கேல்லைப் போல. கேளுங்கோவன்.”

“அவ எங்கையும் அப்பிடித்தான், நீர் சும்மா இரும்.”

“எங்கையும் எண்டால்? இது எங்கட வீடெல்லே.”

சாப்பிட்ட கோப்பையைக் கழுவவென்று அவர் எழுந்து குசினிக்குப் போனார். எவ்வளவு தடுத்தும் கேட்கமாட்டார். நாங்கள் பின்னால் போனோம். பின்கதவோரம் வாளியில் அவருடைய வெள்ளைக் கோட்டு ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வடித்த கஞ்சிச் சட்டி. அவர் குனிந்து பார்த்தார். “இது என்ன” என்று கேட்டார்.

என் மனைவிக்குச் சந்தோசம் வந்துவிட்டது. தன் வேலையைக் கவனித்திருக்கிறாரே என்று. “சொல்லுங்கோ அவக்கு. சும்மா தோய்ச்சால் கோட்டு துவண்டுபோய்க் கிடக்குது, பெரிய ஆக்களுக்கு நடுவிலை அவ அதைப் போட்டுக்கொண்டு நிக்க எனக்குப் பாவமாக் கிடந்தது. கஞ்சி போட்டால்தான் மிடுக்கா நிக்கும். துணித்துண்டுகளுக்கும் கொஞ்சம் போடுறனான், மடிச்சு வைக்க வடிவா இருக்கும்.”

நான் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தேன். பெருமையோடுதான் மொழிபெயர்த்தேன். அவர் வாளிக்குள் விரலை வைத்து, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

“அரிசியா?”

“அரிசிதான். எங்கள் புழுங்கலரிசி. ஸ்டேசனடித் தமிழ்க்கடையில் வாங்குவது.”

அவர் நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தார். பிறகு மேசைக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்து, கழுவாத கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினார். “இன்னும் கொஞ்சம் தாருங்கள்.”

“பாத்தீங்களே” என்றாள் என் மனைவி என்னிடம். கோப்பை நிறையப் போட்டாள். அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருப்பது: ‘பி.ப. 1.50. தொத்தொரேஸ்ஸா இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவிக்கு நல்ல சந்தோசம்.’

திங்கட்கிழமை நான் எட்டு மணிக்குப் போனபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். மேசையில் அவர் உடுத்தியிருந்த மாற்றுக் கோட்டின் கைமடிப்பு, மூன்று துணித்துண்டுகள், அந்தச் சிறு கல்லுரல். ஒவ்வொன்றிலும் ஒரு துளி அயடீன். எல்லாம் நீலம். எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கல்லுரலை அவர் அந்தத் துணியால்தான் துடைப்பார். துணியிலிருந்த கஞ்சி கல்லுரலுக்கு, கல்லுரலிலிருந்து எள்ளளவு சுண்ணாம்புக்கு.

“நீங்கள் தேதி எழுதுகிறவர்” என்றார். “எப்போதிலிருந்து கஞ்சி?”

“பார்த்துச் சொல்கிறேன்.”

அன்று பின்னேரம் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். செப்டெம்பர், இரண்டாவது புதன். ‘மனைவி தொத்தொரேஸ்ஸாவின் கோட்டுக்கும் துணிகளுக்கும் கஞ்சி போட்டாள். மிடுக்காக இருக்கிறது.’ சோதனை ஒக்டோபர் முதல் வியாழன். கஞ்சி முந்திவிட்டது. நவம்பர் என்று சொன்னால் போதும். நவம்பர் என்றால் ஒக்டோபர் நீலம் சுவருடைய நீலம்தான்; மண்டபம் தப்பும், அவருடைய மூன்று வருடம் தப்பும். என் கொப்பியை இந்த ஊரில் யார் வாசிக்கப்போகிறார்கள்.

செவ்வாய் காலை உண்மையான தேதியைச் சொன்னேன். அதை நேர்மை என்று சொல்லமாட்டேன். எழுதிவைத்த தேதியை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் இரண்டு தேதியையும் ஒரு காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தார்.

“அப்படியென்றால் சுவரில் அரிசி இல்லையா” என்று கேட்டேன்.

“இருந்திருக்கலாம். பழுப்பை நீலம் மூடிவிடும். சுவரைக் கொட்டிவிட்டார்கள், குப்பியிலும் ஒன்றும் இல்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.” கல்லுரலைக் கையில் எடுத்து வைத்தார். “உங்கள் மனைவிக்குச் சொல்லவேண்டாம். அவர் எனக்கு நல்லது செய்தார்.”

அன்றே ஊருக்கு எழுதி அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பொறுப்பாளரின் அறையில் கூட்டம். ஐந்து பேர். கதவு முழுதாகச் சாத்தவில்லை. நான் வெளியே நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது என் வழமையான நேரம், அதற்காகப் போய் நிற்கவில்லை. பொறுப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டும்.

“இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்திருந்தால் இரண்டாவது தடவை செய்து பார்த்திருக்கலாமே தொத்தொரேஸ்ஸா. ஏன் எடுக்கவில்லை?”

உள்ளே காகிதம் புரளும் சத்தம். பொறுப்பாளர்தான் மறுபடி பேசினார்.

“சரி. அந்தத் துணிகளைத் துவைத்தது யார்?”

என் கை நின்றது. மார்ச் மாதம் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், எனக்கும் மனைவிக்கும் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க நாள் கொடுத்திருந்தார்கள். வதிவிட அனுமதிக்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். வேலை போனால் கடதாசி போகும். அவள் எனக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தவள். இதையெல்லாம் நான் அப்போது நினைத்தேனா, பிறகு நினைத்து அங்கே கொண்டுபோய் வைத்தேனா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை.

“துணியைச் சோதித்துப் பார்க்காமல் பாவித்தது நான்” என்றார் அவர். வழமையாக மெல்லப் பேசுகிறவர், வேகமாகப் பேசினார்.

“துவைத்தது யார் என்று கேட்டேன்.”

“துணி என்னுடையது. உரல் என்னுடையது. தவறும் என்னுடையது. அப்படியே எழுதுங்கள்.”

எதையும் கொஞ்சமாகவே எடுத்தவர் இதை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நடைபாதையின் மறுமுனைக்குப் போய், காலையில் துடைத்த இடத்தை மறுபடி துடைத்தேன். அன்றைய பக்கத்தில், ‘மழை. வேலை வழமைபோல்’ என்று இருக்கிறது.

மூன்று வருடப் பேச்சு அதோடு நின்றது. துவைத்த ஆளைப் பற்றி யாரும் பிறகு கேட்கவில்லை. மார்ச்சில் எங்களுக்குக் கடதாசி புதுப்பித்துக் கிடைத்தது. அதே கிழமை அவருக்குச் சீமெந்துதான் என்று கடிதம் வந்தது.

ஏப்ரலில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஸ்டேசன் வாசலில் விமான நிலையப் பஸ்ஸுக்கு அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வரும்போது இருந்த அதே ஒரு பெட்டி. வழியனுப்ப வேறு யாரும் வரவில்லை. வரவேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கக்கூடும். பஸ் வந்து நின்றபிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“அன்றைக்கு நான் உள்ளே வந்திருக்கவேண்டும்.”

“நீங்கள் வெளியே நிற்பது தெரியும்” என்றார். “கதவுக்குக் கீழே உங்கள் துடைப்பத்தின் தண்ணீர் உள்ளே வந்தது. வந்துவிடுவீர்களோ என்று பயந்துதான் அவசரமாகப் பேசினேன்.”

நான் ஏதோ சொல்லப் போனேன். அவர் கையால் நிறுத்தினார்.

“இரண்டு பேர் எதற்கு. ஒருவர் போதும்.”

பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினார். யன்னலோரம் இடம் இருந்தும், நடுவில் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பஸ் திரும்பும்போது அவர் தலையை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு சீனப் புதுவருடத்துக்கும் ஒரு வரி அனுப்புவார். மனைவியின் சுகம் கேட்பார். வேலையைப் பற்றி ஒன்றும் இருக்காது. நான் ஒருமுறை கேட்டதற்கு, ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொள்வதாகவும், வேலை குறைவு, நல்லது என்றும் எழுதினார். அவரைப் போல வர்ணத்தையும் சாந்தையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

போன நவம்பர், மரித்தோர் தினத்துக்கு மூன்றாம் நாள், அவருடைய இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கொம்பியூட்டர் மொழிபெயர்த்த இத்தாலியன். எழுதியது மருமகள். அத்தை கோடையில் காலமாகிவிட்டார், ஈரலில் நோய், அவருடைய ரெலிபோனில் உங்கள் பெயர் இருந்தது என்று. கூடவே ஒரு படம். அத்தை கடைசியாக வெளியே போனது இந்த இடத்துக்குத்தான். படத்தில் மண்டபத்து வாசலில் ஒரு நாற்காலியில் அவர் இருந்தார், மிகவும் சிறுத்துப்போய். பின்னால் சுவர் சாம்பல் நிறச் சீமெந்து. கீழே இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பூச்சு வெடித்துக் கொப்பளித்திருந்தது.

குசினியில் நின்ற மனைவியிடம் படத்தைக் காட்டிச் செய்தியைச் சொன்னேன். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு ரெலிபோனை வாங்கி, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு, “சீனாக்கா திருத்தின சுவர் இதுவே? ஏன் இப்பிடிக் கிடக்குது?” என்று கேட்டாள்.

அவர் போய்விட்டார், இனி யாருக்காக மறைப்பது என்று நினைத்தேன். கஞ்சியிலிருந்து பஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்து கேட்டாள். நடுவில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

“சாப்பிட வந்த அண்டைக்கே அவக்குத் தெரியுமே?”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டுதான் இன்னும் தாங்கோ எண்டு கேட்டவ.”

“ஓம்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் சொல்லி முடித்தபிறகும் அவள் எழும்பவில்லை. கஞ்சிக்காகத் தன்னை நோகப்போகிறாள் என்று நினைத்து, “உம்மிலை பிழையில்லை, நீர் நல்லதுக்குத்தான் செய்தனீர், அவவே சொன்னவ” என்றேன்.

“கஞ்சியை விடுங்கோ. அது தெரியாமல் நடந்தது. நீங்கள் ஏன் உள்ளுக்குப் போகேல்லை?”

“கடதாசி இருந்ததெல்லே. எனக்கு மட்டுமே? உமக்கும்தானே.”

“என்னைக் கேட்டனீங்களே?”

அவள் ரெலிபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“கேட்டிருந்தால் நான் போயிருப்பன். நான்தான் தோய்ச்சனான், நான்தான் கஞ்சி போட்டனான் எண்டு தமிழிலை சொல்லியிருப்பன். விளங்கினால் விளங்கட்டும். கடதாசி போனால் போகுது. அந்த மனிசி இப்பிடித் தனிய நிண்டிருக்காது.”

“அவ அவசரமாச் சொல்லிப்போட்டா” என்றேன். “நான் யோசிக்கமுதல் சொல்லி முடிச்சிட்டா.”

“அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் கூட்டம் நடந்தது?”

கேட்டது என் மனைவி. இருபத்தெட்டு வருடமாக, நான் எழுதும்போது மேசைக்கு எதிரே இருந்து பார்த்தவள். மணி பார்க்காமல் எனக்கு ஒன்றும் நடப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். பதினொன்றேகாலுக்கு நான் வாளியைத் தூக்கினேன். அவர் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

“சொல்லுங்கோ. நேரம் இருக்கேல்லையோ?”

“இருந்தது” என்றேன்.